அடுத்தவர் நிரை

1

இன்று காலை தபால்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மஞ்சள் உறை. ஜெர்மனியில் சாதாரணக் கடிதங்கள் வெள்ளை உறையில் வரும். அரசாங்கம் நம்மோடு மல்லுக்கட்ட நினைத்தால் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் உறையின் மேலேயே தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கிடைக்கவில்லை என்று பிற்பாடு சாதிக்க முடியாது. போன வருடம் இதே வாரத்தில் இப்படி ஒன்று வந்தது. அதைப் படித்த அன்று நான் பேருந்தை இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தவே மறந்துபோய் ஓட்டினேன்.

ஊரில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கேரளத்து மலையில், பீர்மேட்டில் பத்து வருடம் ஜீப் ஓட்டிய முருகேசன். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். என் மனைவி செல்வி நர்ஸ். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும் உள்ள வீட்டுப் பெண். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவனைக் கட்டிக்கொண்டதற்காக அவள் அப்பா மூன்று வருடம் எங்களோடு பேசவில்லை. அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நான் பின்னாலேயே வந்து, மொழிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறி, இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறேன். கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஓட்டியவனுக்கு இந்த ஊர்ச் சாலைகள் தூக்கத்தை வரவழைக்கின்றன. எங்களுக்கு ஒரே மகள், இசக்கி. ஒன்பது வயது.

இசக்கி எங்கள் குலதெய்வத்தின் பெயர். பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நவீனமாக வைத்திருக்கலாமே என்று செல்வியின் தங்கை சொன்னாள். இங்கே எல்லோரும் 'இசாக்கி' என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் அம்மன் அதைவிடப் பெரிய கொடுமையெல்லாம் தாங்கியவள்.

இசக்கிக்குப் பேச்சு தாமதமாக வந்தது. உட்கார வைத்து இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நிற்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சொன்னால் தரையில் விழுந்து அழுவாள். மருத்துவர்கள் அவளுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டிசம் அதில் ஒன்று. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள், "அங்க நல்ல வைத்தியம் இருக்குமே, பிள்ளைக்குச் சரியாயிருச்சா?" என்று கேட்கிறார்கள். பல வருடம் நான் மழுப்பினேன். இப்போது மழுப்புவதில்லை. அவளிடம் எதுவும் உடைந்துபோகவில்லை, சரியாவதற்கு. அவள் வேறு மாதிரிக் கற்றுக்கொள்கிறாள். எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு வருடம் ஆயிற்று, அவ்வளவுதான்.

2

கண்டுபிடித்ததில் பாதிப் பெருமை ஆன்யா என்ற பெண்ணுக்கு. வியாழக்கிழமை மாலைகளில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் இப்படிப்பட்ட ஏழெட்டுக் குழந்தைகளை வைத்துப் பயிற்சி தருகிறாள். இதற்கென்று தனிப் படிப்பே இருக்கிறது இங்கே. உடம்பை அசைத்து மூளைக்கு வேலை கொடுப்பது என்று எளிதாகச் சொல்லலாம்.

முதல் நாள் போய்ப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தரையில் கலர் வட்டங்கள். மேளம் தட்டினால் நடக்க வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். பிறகு தலைகீழாக, தட்டினால் நிற்க வேண்டும், நிறுத்தினால் நடக்க வேண்டும். அப்புறம், சிவப்பு என்று கத்தினால் நீலத்தில் குதிக்க வேண்டும். குதித்தால் புத்தி வருமென்றால் எங்கள் ஊர்க் குரங்கெல்லாம் கலெக்டர் ஆகியிருக்க வேண்டுமே என்று செல்வியின் காதில் சொன்னேன். அவள் என் தொடையில் கிள்ளினாள்.

ஆன்யா கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு மூன்று விஷயம் கஷ்டம் என்றாள். சொன்னதை மனதில் வைத்துக்கொள்வது, கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொள்வது, விதி மாறினால் தானும் மாறுவது. மேசையில் உட்கார வைத்துக் காகிதத்தில் இதைப் பழக்கினால் சில குழந்தைகளுக்கு ஏறாது. நடக்கவிட்டுப் பழக்கினால் ஏறலாம். இது மருந்து இல்லை, எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவரும் என்று சத்தியமும் செய்ய மாட்டேன் என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் அவளை நம்பினேன். அதற்குமுன் எங்களிடம் சத்தியம் செய்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு வருடம் போனோம். மேளம் நின்றால் இசக்கி நின்றாள். தலைகீழ் விளையாட்டு மட்டும் பிடிபடவில்லை. விதி மாறியதும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

3

அவளுக்கு ஏழு வயதான வருடம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். இங்கே கோடை, பீர்மேட்டில் ஜூலை மழை. என் அக்கா பேச்சியம்மாள் இன்னமும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். கம்பெனி தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. தொழிலாளிகள் செடிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு தாங்களே கொழுந்து எடுத்து விற்கிறார்கள். சூப்பர்வைசரும் இல்லை, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டரும் இல்லை. ஆனாலும் பெண்கள் ஒன்றாகத்தான் இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு வரிசைச் செடி. அதற்கு நிரை என்று பெயர், பேச்சில் நெரை. இவள் நிரையில் அவள் கை வைக்க மாட்டாள். எடைக்குத்தான் காசு என்றிருந்த காலத்தில் வந்த கட்டுப்பாடு அது.

இரண்டாம் நாள் காலை இசக்கியைக் காணவில்லை. செல்வி பதறிப்போய் ஓடினாள். பிள்ளை மஞ்சள் மழைக்கோட்டோடு அக்காவின் பின்னால் நிரைக்குள் நின்றுகொண்டிருந்தாள். அக்கா ஒரு செடி நகர்ந்தால் இவளும் ஒரு செடி நகர்ந்தாள். தண்ணீர் சொட்டுகிறது, அட்டை கடிக்கிறது, மழைக்கோட்டின் சரசரப்பே பிடிக்காத பிள்ளை ஒரு மணிநேரம் அழாமல் நடக்கிறாள். நான் ரோட்டில் நண்பனின் ஜீப்புக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஒன்று நடந்தது. இசக்கி கை நீட்டிப் பக்கத்து நிரையில் ஒரு கொழுந்தைப் பறித்துவிட்டாள். அந்த நிரைக்காரப் பெண் கோபமே இல்லாமல், "இது எங்க நெரைம்மா" என்றாள். இசக்கி கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் அந்தப் பக்கம் கை போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஊரில் இருந்த நான்கு வாரமும் போகவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கு அப்படி இல்லை. சூடான பாத்திரத்தைத் தொடாதே என்று ஆயிரம் தடவை சொல்லி ஆயிரத்தோராவது தடவையும் அவள் கையைப் பிடித்து இழுத்தவர்கள் நாங்கள். ஒரே தடவை சொன்ன ஒரு விதி, மனதில் நின்று, கையை அடக்கி, நான்கு வாரம் நிலைத்தது. ஆன்யா சொன்ன மூன்றில் இரண்டு. ஜீப்புக்குள்ளேயே நான் அழுதேன். நண்பன் வைப்பரைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

4

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் மஞ்சள் டேப் வாங்கினேன். வீட்டுக் கூடத்தில் இரண்டு நிரை ஒட்டினேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அடர்பச்சையும் இளம்பச்சையுமான பழைய துண்டுகளை வெட்டிக் கொழுந்து செய்து இடைவெளி விட்டு வைத்தேன். நடந்துகொண்டே எடுக்க வேண்டும், அடர்பச்சையை விட்டுவிட வேண்டும், இளம்பச்சையை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தவர் நிரையில் காலோ கையோ போகக் கூடாது.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை இந்தக் கட்டிடத்தில் அமைதி நேரமாம். நான் அவருக்குப் பதில் சீட்டு எழுதினேன். மகளின் பயிற்சி நடக்கிறது, மன்னிக்கவும் என்று எழுத நினைத்து, மகளின் பயிற்சி நடக்கிறது, நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வாரம் அவர் படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போனார். செல்வி அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நிரைகளைக் கட்டிடத்தின் அடித்தளத்துக்கு மாற்றினோம், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில்.

ஒன்பது மாதம், வேலை முடிந்து வந்து தினமும் அரைமணி நேரம். முதலில் ஒரு விதி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எடுத்ததை அவள் ஜெர்மன் மொழியில் எண்ணுவாள். நான் தமிழில் எண்ணினால் என் வாயைப் பொத்துவாள். எண்கள் அவளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். கொழுந்தும் நிரையும் மட்டும் தமிழில் இருந்தன. அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் வேண்டுமென்றே என் நிரையின் ஓரத்தில் அழகான பச்சைத் துண்டாக வைப்பேன். அவள் பார்ப்பாள். விரல்கள் மடங்கி விரியும். எடுக்க மாட்டாள். நான் எவ்வளவு கர்வப்பட்டேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

5

இங்கே இப்படிப்பட்ட குழந்தைகள் சாதாரணப் பள்ளியிலேயே உதவியாளரோடு படிக்கலாம், அல்லது தனிப்பள்ளிக்குப் போகலாம். எங்கள் ஊருக்கான தனிப்பள்ளி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கெட்ட பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக நான் விசாரித்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. இசக்கிக்கு வகுப்பில் ஒரு சிநேகிதி இருந்தாள், லீனா என்று. வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. இதையெல்லாம் முடிவு செய்ய, போன வருடம் மே மாதத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து திருமதி வின்க்லர் என்பவர் பள்ளிக்கு வந்தார்.

வந்தவர் முதலில் படிவத்தைச் சரிபார்த்தார். தாய்மொழி: மலையாளம் என்று இருந்தது. தமிழ் என்றேன். கேரளத்தில்தானே பிறந்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். கணினியில் கேரளத்துக்கு மலையாளம்தான் வருகிறது என்றார். ஊரில் வில்லேஜ் ஆபீசில் நின்றால் நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்தானே என்பார்கள். மூன்று தலைமுறையாக அந்த மலையில் கிடந்து உழைத்தவர்கள் நாங்கள். அங்கே எங்களைத் தமிழர் என்று தள்ளினார்கள், இங்கே தமிழர் இல்லை என்கிறார்கள். சண்டை போட வாயெடுத்தேன். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மேசைப் பரீட்சையில் இசக்கி சுமாராகச் செய்தாள். கடைசியாகப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு விளையாட்டு. பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தரையில் டேப் ஒட்டி இரண்டு பாதை! பாதையில் சின்னச் சின்னப் பைகள். நடந்துகொண்டே பொறுக்க வேண்டும். விசில் ஊதினால் பக்கத்துப் பாதைக்கு மாறி அங்கே பொறுக்க வேண்டும். பக்கத்துப் பாதையில் வேறு வகுப்புக் குழந்தை ஒன்று நடந்தது.

விசில் ஊதினார்கள். இசக்கி கோட்டருகே வந்து நின்றாள். தாண்டவில்லை. மறுபடி விளக்கினார்கள். இசக்கி தலையாட்டினாள். மறுபடி விசில். கோட்டருகே வந்தாள், நின்றாள். மூன்றாவது முறை திருமதி வின்க்லர் அவள் தோளைத் தொட்டு மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தப் பார்த்தார். இசக்கி தரையில் விழுந்து அழுதாள். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வந்த மஞ்சள் உறைக்குள் இந்த வரி இருந்தது. விதி மாற்றத்தைப் புரிந்துகொள்ளும் திறன் காணப்படவில்லை, தனிப்பள்ளிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

6

இரண்டு நாள் நான் திருமதி வின்க்லரைத் திட்டினேன். என் தமிழில் இருக்கும் எல்லா வார்த்தையும் தீர்ந்தபிறகு மலையாளத்திலும் திட்டினேன். அந்த வகையில் கணினி சொன்னதில் உண்மை இருக்கிறது. மூன்றாம் நாள் துணி துவைக்க அடித்தளத்துக்கு இறங்கினேன். விளக்கைப் போட்டதும் தரையில் என் மஞ்சள் டேப் தெரிந்தது. துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை புரியாமல் நிற்கவில்லை. புரிந்துதான் நின்றாள். பக்கத்துப் பாதையில் ஒரு குழந்தை இருந்தது. அது அடுத்தவர் நிரை. ஒன்பது மாதம் நான் கற்றுக்கொடுத்ததை, விசில் ஊதியும், ஆள் வந்து தள்ளியும், அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவளைத் தோற்கடித்தது நான்தான்.

செல்வியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நர்சுகள் முதலில் கட்டுப் போடுவார்கள், பிறகுதான் அழுவார்கள். எதிர்ப்பு மனுவுக்கு ஒரு மாதம் இருக்கிறது, மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். அதற்குள் பிள்ளைக்குக் கோட்டைத் தாண்டப் பழக்கிவிட வேண்டும் என்றாள். நான் முடியாது என்றேன்.

"ஏனுங்க, தாண்டிப் போலாம் கண்ணுன்னு பத்து நாளைக்குச் சொல்லிக் குடுத்தாப் போச்சு. எதுக்குங்க இந்த வீம்பு?"

"அவ தப்பே பண்ணலயே. சரியாப் பண்ணினத தப்புன்னு சொல்லிக்குடுக்கவா?"

"தப்புப் பண்ணலீன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தக் காயிதத்துக்குத் தெரியுமுங்களா? உங்க வீம்புக்கு எம்புள்ள அந்த லீனாவ உட்டுப்போட்டுப் போகோணுமா?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருடத்தில் அவள் தானாகப் பிடித்துக்கொண்ட ஒரே விதி அது. அதையும் பிடுங்கிவிட்டு, பெரியவர்கள் விசில் ஊதினால் எதையும் மிதிக்கலாம் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா போன் செய்தாள். நடந்ததை எல்லாம் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் அக்கா சிரித்தாள்.

"ஏ முருகேசா, நீ ஜீப்புக்குள்ள உக்காந்து பாத்தவந்தானல. என்னைக்காவது நெரைக்குள்ள எறங்கியிருக்கியா? அடுத்தவ நெரையில கை வைக்கக் கூடாதுன்னு பாதிய மட்டும் சொல்லிக்குடுத்திருக்க. மீதிய யாரு சொல்லுவா? நம்ம நெரை முடிஞ்சா அடுத்தவ நெரைக்கிப் போயி, கை வைக்கட்டான்னு கேக்கணும். அவ வையிம்பா. அதுக்குப் பொறவு வைக்கணும். அப்படித்தான நாங்க ஒருத்திக்கொருத்தி நெரை முடிச்சுக்குடுக்கோம்."

எங்கள் தோட்டத்தில் ஆண்கள் கொழுந்து எடுப்பதில்லை. செடியைக் கவாத்து வெட்டுவோம், மருந்தடிப்போம், லாரி ஏற்றுவோம். என் அம்மாவும் அக்காவும் ஆயுள் முழுக்க நின்ற நிரையை நான் ரோட்டிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். 'கூடாது' என்பது ரோடுவரை கேட்கும். 'கை வைக்கட்டா' என்பது பக்கத்து நிரைக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்வது. பாதி விதியை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன்.

அன்று மாலையே அடித்தளத்துக்கு மூன்று பேரும் இறங்கினோம். செல்வி ஒரு நிரை, இசக்கி ஒரு நிரை. எனக்கு விசில் ஊதும் வேலை. செல்வி கோட்டருகே வந்து, "கை வைக்கட்டா கண்ணு?" என்று கேட்டாள். இசக்கி வெகுநேரம் யோசித்தாள். நாங்கள் காத்திருந்தோம். துவைக்கும் இயந்திரம் ஒரு சுற்றே முடிந்திருக்கும். "வையி," என்றாள். அப்படியே அக்கா சொல்வதுபோல. நான்கு வாரமும் அது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆன்யாவிடம் சொன்னபோது அவள் தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். விதி மாறினால் இவள் உடைந்துபோகிறாள் என்று நினைத்தேன், மாற்றத்துக்கு ஒரு வாசல் வைத்தால் போதும் போலிருக்கிறது என்றாள். எங்கள் மனுவோடு அவளும் ஒரு கடிதம் வைத்தாள். இரண்டு வாரத்தில் வகுப்பு ஆசிரியையிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. இசக்கி யாருடைய கலர் பென்சிலை எடுக்கும் முன்பும் உங்கள் மொழியில் எதையோ கேட்கிறாள், பதில் வரும்வரை நிற்கிறாள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். செல்வி ஒரு தாளில் அந்தப் பதிலை ஜெர்மன் எழுத்தில் எழுதி அனுப்பினாள்.

7

மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். பக்கத்துப் பாதையில் அவள் வகுப்புக் குழந்தையே நடக்கலாம் என்றார்கள். பெற்றோர் கூடத்தில் இருக்கலாம், பேசக் கூடாது, சைகையும் செய்யக் கூடாது என்று கடிதத்தில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள். அடிக்கோடு எனக்காகத்தான் என்றாள் செல்வி.

அதே கூடம், அதே டேப். திருமதி வின்க்லர் களைப்பாகத் தெரிந்தார். போன தடவை நான் கவனிக்கவில்லை, அவருக்கு ஒரு கால் லேசாக இழுத்தது. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறாரோ. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன்.

இசக்கியும் லீனாவும் நடந்தார்கள். விசில். இசக்கி கோட்டருகே வந்து நின்றாள். நான் என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ணினேன். ஐந்து வரை போயிற்று. பேனா தாளில் இறங்குவதைப் பார்த்தேன்.

"கை வைக்கட்டா?" என்றாள் இசக்கி.

லீனா திரும்பக்கூட இல்லை. ஒரு பையைப் பொறுக்கிக்கொண்டே, "வையி," என்றாள்.

இசக்கி கோட்டைத் தாண்டினாள்.

லீனா இந்தப் பக்கம் வந்து கேட்டாள். இசக்கி வையி என்றாள். விசில் ஊத ஊத இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு மாறினார்கள், ஏழு முறை, ஒரு முறைகூடத் தவறவில்லை. அதன்பிறகு விதியைத் தலைகீழாக்கினார்கள். விசில் ஊதினால் மாறக் கூடாது, கை தட்டினால் மாற வேண்டும். முதல் விசிலுக்கு இசக்கி கோடுவரை வந்துவிட்டாள். வந்தவள் நின்று, தன் நிரைக்கே திரும்பிப் போனாள். காதைப் பொத்தவில்லை. செல்வி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நர்சுக்குக் கட்டுப் போட்டு முடிந்துவிட்டது.

திருமதி வின்க்லர் என்னைப் பார்த்து, இப்போது நீங்கள் பேசலாம், அது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். படிவத்தைப் புரட்டி, மலையாளம் என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, தமிழ் என்று எழுதினார். பிறகு, இசக்கியின் பாதையில் விழுந்து கிடந்த ஒரு பையை எடுக்கக் கோட்டைத் தாண்டப் போனார். இசக்கி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்.

அவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பேசலாம் என்று சொல்லிவிட்டார்தான், ஆனாலும் திறக்கவில்லை. லீனாதான் அவர் பக்கம் போய், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாள் சுத்தமாகத் தப்பான உச்சரிப்பில், ஆனால் கேலி இல்லாமல், "கை வைக்கட்டா?" என்றார்.

இசக்கி தன் பாதையைப் பார்த்தாள். இன்னும் நான்கு பைகள் கிடந்தன.

"வேண்டாம். இன்னும் முடியல," என்றாள்.

நான்கையும் பொறுக்கி முடிக்கும்வரை அலுவலகம் கோட்டுக்கு வெளியே நின்றது.

8

அந்தச் சோதனையின் முடிவாக ஒரு வருடம் கிடைத்தது. சாதாரணப் பள்ளி, அதே வகுப்பு, அதே லீனா. ஒரு வருடம் கழித்து மறு ஆய்வு என்று கடைசிப் பத்தியில் இருந்தது. இன்று காலை வந்த மஞ்சள் உறை அதற்குத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.

இந்த ஒரு வருடத்தில் இசக்கி அற்புதம் எதுவும் செய்துவிடவில்லை. கணக்கில் இரண்டு வகுப்பு பின்னால் இருக்கிறாள். போன வாரம் கடையில் படுத்து அழுதாள். ஒரு பெண்மணி என்னிடம் வந்து பிள்ளை வளர்ப்பது பற்றிப் பேசினார். நானும் அவரிடம் சிலது பேசினேன், இங்கே எழுதினால் செல்வி கோபிப்பாள். ஆனால் இசக்கி இப்போது நான்கு விதி வைத்துக்கொண்டு நடக்கிறாள். நடந்துகொண்டே சொன்னால் மூன்று வேலை சேர்த்துச் செய்கிறாள். செல்வியின் அப்பா விடுமுறையில் வந்தபோது, அவர் பையைத் திறக்கும்முன் அவரிடமும் கேட்டாள். என்னோடு மூன்று வருடம் பேசாமல் இருந்த மனிதர் அவளுக்கு வையி என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

உறையைப் படித்து முடித்துவிட்டு இன்று மாலை அடித்தளத்தில் டேப்பைப் பிய்த்துப் புதிதாக ஒட்டினேன். மூன்று நிரை. கீழ்வீட்டுக்காரர் துணிக்கூடையோடு வந்து, கோட்டருகே நின்று, போகலாமா என்று இசக்கியிடம் கேட்டார். எனக்கு அந்தச் சீட்டுக்காக அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வருவது திருமதி வின்க்லரோ, புதிதாக வேறு யாரோ தெரியவில்லை. செல்வி இரண்டு முறை கேட்டுவிட்டாள், பயமாக இருக்கிறதா என்று. பயம் இருக்கிறது. அதை அவளிடமே சொன்னேன், உங்களிடம் மறைத்து என்ன. ஆனாலும் யாராக இருந்தாலும் வரட்டும். கோட்டருகே நின்று, என் மகளிடம் கேட்டுவிட்டு வரட்டும்.